மெஷினுக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டில் என்னைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். நான் பட்டறைக்குள் நுழைந்தேனாம், ஓடிக்கொண்டிருந்த வெல்டிங் மெஷின் நின்றுவிட்டதாம். சொல்கிறவர்கள் எல்லாரும் இதே வரிசையில்தான் சொல்வார்கள். மெஷின் நின்றுபோனதால்தான் நான் உள்ளே போனேன் என்பதை ஒருவர்கூடச் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டிய மனிதர் ஒருவர் இருந்தார். அவருக்குத்தான் என்னைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

அறுபதுகளின் பிற்பாதியில் நடந்தது இது. மன்னார்புரத்தில் வீட்டுச் சுவரை ஒட்டியே எங்கள் பட்டறை. என் கணவரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து நடத்துவதாகப் பேர். அண்ணன் நாற்காலியில் உட்காருவார், தம்பி புகையில் உட்காருவார். கேட், ஜன்னல் கிராதி, மண்ணச்சநல்லூர் அரிசி மில்களுக்குச் சல்லடைச் சட்டம் என்று வேலை வந்துகொண்டிருக்கும். கணவரின் அண்ணனை மூத்தார் என்போம். மூத்தார் எதிரில் தம்பி மனைவி நிற்கக் கூடாது, நேருக்கு நேர் பேசக் கூடாது. காபி ஆறிப்போகிறது என்று சொல்வதானால்கூட நான் கதவுக்குப் பின்னால் நின்று மூத்தாரின் மனைவியான என் ஓரகத்தியிடம் சொல்ல வேண்டும், அவர் தன் கணவரிடம் சொல்ல வேண்டும். அதற்குள் காபி நிஜமாகவே ஆறிப்போயிருக்கும்.

நான் ஸ்ரீரங்கத்துப் பெண். அப்பா பஸ் கண்டக்டர். ஐம்பதுகளில், பெண்ணுக்கு எதற்கு என்று அக்கம்பக்கத்தில் கேட்டவர்களை எல்லாம் சிரித்து அனுப்பிவிட்டு, என்னை எஸ்.எஸ்.எல்.சி. வரை படிக்கவைத்தார். தையலும் கற்றுக்கொள்ள அனுப்பினார். கல்யாணத்துக்கு ஒரு தையல் மெஷின் சீராக வந்தது. படிப்பும் கூடவே வந்தது, ஆனால் அதைச் சீர்வரிசையில் யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை.

திருவெறும்பூர்ப் பக்கம் ஏதோ கட்டுமான வேலைக்கு வந்திருந்த வெளிநாட்டுக்காரர்கள் ஊருக்குத் திரும்பும்போது தங்கள் சாமான்களைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போனார்கள். அதிலிருந்து ஒரு சின்ன வெல்டிங் மெஷினை என் கணவர் வாங்கிக் கைவண்டியில் கொண்டுவந்தார். பட்டறையில் ஏற்கெனவே இருந்தது குச்சியைப் பிடித்துப் பற்றவைக்கும் மெஷின். இதில் குச்சி கிடையாது. பெட்டியின் பக்கக் கதவைத் திறந்தால் உள்ளே ஒரு பெரிய நூல்கண்டு மாதிரி மெல்லிய கம்பிச் சுருள். டார்ச்சின் விசையை அழுத்தினால் இரண்டு ரோலர்கள் கம்பியைக் கவ்வித் தள்ளும். கம்பி கேபிளுக்குள் இருக்கும் ஸ்பிரிங் குழாய் வழியாக ஓடிவந்து, டார்ச்சின் வாயில் உருகி ஒட்டும். கூடவே அந்த வாயில் கேஸும் வரும். சோடாக் கம்பெனிக்காரர்கள் சோடாவில் ஏற்றுகிறார்களே, அதே கேஸ்.

மூத்தார் வந்து பார்த்துவிட்டு, "தம்பி நூல் கோத்து வெல்டிங் பண்ணப் போறான்டா" என்று தெருவுக்கே கேட்கும்படி சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதைத் தொட அனுமதி கிடைத்தது. மற்ற நாளில் அது ஒரு மூலையில், சாக்குப் போர்த்திய பொம்மை.

கூட வந்த விளக்கப் புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. என் கணவர் எட்டாம் வகுப்போடு நின்றவர். இரண்டு ஞாயிறு தானாகவே முட்டிமோதிப் பார்த்தார். கம்பி ஒரு சாண் வரும், நின்றுவிடும். அடுத்த முறை பெட்டிக்குள்ளேயே கன்னாபின்னாவென்று சுற்றிக் குருவிக்கூடு கட்டிக்கொள்ளும். மூன்றாவது ஞாயிறு மூத்தார் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அப்போதுதான் இவர் சமையலறை வாசலில் வந்து நின்று, "இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்றியா?" என்று கேட்டார். படிக்கத்தான் போனேன். ஆனால் பெட்டிக் கதவைத் திறந்து காட்டினாரே, அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அது என் தையல் மெஷினின் அண்ணன்.

தையல் மெஷினில் நூலின் இறுக்கம் அதிகமானால் நூல் அறும், குறைந்தால் அடியில் சுருள் சுருளாகக் கோத்துக்கொள்ளும். இங்கேயும் அதே கதைதான். ரோலரில் இரண்டு பள்ளம் வெட்டியிருந்தார்கள், ஒன்று பெரிய கம்பிக்கு, ஒன்று சின்னக் கம்பிக்கு. இவர் மாட்டியிருந்தது பெரிய பள்ளம். அதில் எங்கள் கம்பி வழுக்கியது, வழுக்குகிறதே என்று இவர் திருகை மேலும் மேலும் இறுக்கியிருந்தார். ரோலரைக் கழற்றித் திருப்பி மாட்டச் சொன்னேன். கம்பியின் நுனியை வெட்டி, அரத்தால் மழுக்கினோம். இல்லாவிட்டால் அது உள்ளே குழாயைப் பிராண்டும். டார்ச்சின் முனையிலிருக்கும் டிப்பைக் கழற்றிவிட்டு, கேபிளைத் தரையில் வளைவில்லாமல் நீட்டிப் போட்டுக் கம்பியைச் செலுத்தினோம். மறுமுனையில் அது எட்டிப் பார்த்தபோது இவர் சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினார். அந்த ஒரு கைதட்டலுக்காக அவரை எவ்வளவோ காலம் மன்னித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இறுக்கம் சரியா என்று பார்க்க ஒரு வழி இருந்தது. டார்ச்சைச் சாய்த்து ஒரு மரப்பலகையின் மேல் கம்பியை ஓடவிட வேண்டும். கம்பி பலகையில் முட்டி, முறுக்கு மாதிரி சுருண்டுகொண்டே வந்தால் சரி. முட்டியதும் ரோலர் வழுக்கி நின்றால் ஒரு அரைத் திருகு கூட்ட வேண்டும். அந்த அரைத் திருகு இவர் கைக்கு வரவில்லை. சுத்தியல் பிடித்துப் பழகிய கை, தொட்டாலே முக்கால் திருகு போய்விடும். என் கைக்கு வந்தது. விசையை விட்டதும் சுருள் தன்பாட்டில் சுற்றிக் கம்பியைத் தளர்த்திவிடாமலிருக்க அதன் பிடியையும் நானே வைத்தேன். பிறகு இவர் முகமூடியைப் போட்டுக்கொண்டு தகட்டில் பற்றவைத்தார். காய்ந்த எண்ணெயில் வடை போட்டதும் வருமே ஒரு சீரான சத்தம், அது வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டேன். எனக்கு அழுகை வந்தது. இதற்கெல்லாம் அழுவாளா ஒருத்தி என்று நினைக்கலாம். கல்யாணமாகி வந்ததிலிருந்து என் மூளையை யாரும் ஒரு வேலைக்கு அழைத்ததில்லை.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் கம்பி கோப்பது என் வேலை. மூத்தார் இருக்கும்போது நான் பெட்டிக்கு இந்தப் பக்கம் மறைவாக உட்கார்ந்து திருகுவேன், அவர் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு தம்பியிடம் பேசுவார். நான் இருப்பது தெரியும், தெரியாத மாதிரி நடந்துகொள்வது அவருடைய மரியாதை.

அந்த வருடம் ஸ்ரீரங்கத்தில் ஒரு சத்திரத்தில் வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்துக்காகப் புதிதாகத் தண்ணீர்த் தொட்டிகள் செய்ய நினைத்தார்கள். மெல்லிய தகட்டில், நீளமாக, ஒரு சொட்டு ஒழுகாமல் வேண்டும். குச்சி வெல்டிங்கில் மெல்லிய தகடு ஓட்டை விழும். கேஸ் வெல்டிங்கில் சூடு தாங்காமல் அப்பளமாக நெளியும். எங்கள் பொம்மை மெஷினுக்கென்றே செய்த வேலை அது. என் அப்பா மூலம் செய்தி போய், சத்திரத்து மேனேஜர் ஒரு அய்யங்கார், நல்ல நாளில் வந்து பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினார். விஜயதசமி என்று முடிவானது.

நாள் முடிவான அன்று இரவு சாப்பிட உட்கார்ந்தபோது மூத்தார் தம்பியிடம் சொன்னார். கதவுக்குப் பின்னால் நான் நிற்பது தெரிந்துதான் சொன்னார்.

"அவரு முன்னாடி இது ஒழுங்கா ஓடிடுச்சுன்னா, மேல்பக்கத்துக் கொட்டகைய உனக்கு ஒதுக்கிடறேன். அதுல நீயும் உன் பொண்டாட்டியும் என்ன வேணா பண்ணிக்குங்க. ஓடலைன்னா இதை எடைக்குப் போட்டுட்டு, அவ போய் அடுப்பப் பாக்கட்டும். ஞாயித்துக்கிழமை கூத்தெல்லாம் அதோட முடிஞ்சுது. சரிதானா?"

"சரிங்கண்ணே" என்றார் என் கணவர்.

எனக்கு அந்தக் கொட்டகை வேண்டும். மறைவாக உட்காராமல், நிமிர்ந்து உட்கார்ந்து திருகை முடுக்க ஒரு இடம் வேண்டும். நகை கேட்டதில்லை, புடவை கேட்டதில்லை. இதை மட்டும் சாமி படத்தின் முன்னால் நின்று வாய்விட்டுக் கேட்டேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் காலையில் எல்லாவற்றையும் மறுபடி பிரித்துச் சுத்தம் செய்தேன். காவிரிக் காற்றின் ஈரத்தில் சுருளின் மேல் அடுக்கில் லேசாகத் துரு பூத்திருந்தது. அந்தக் கம்பியை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகக் கோத்தேன். பலகையில் முறுக்குச் சுற்றிப் பார்த்தேன். இதற்கு மேல் சரியாக வைக்க யாராலும் முடியாது என்று கதவைச் சாத்தினேன். மத்தியானம் வீட்டுக்குத் தூரமானேன்.

மாதத்தில் அந்த மூன்று நாளும் கொல்லைப்புறத்து ஓலைச் சாய்ப்புதான் எனக்கு வீடு. தனித் தட்டு, தனிச் சொம்பு, தனிப் பாய். எதையும் தொடக் கூடாது. ஓரகத்தி தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "பண்டிகை நேரத்துல பாத்து வருது பாரு உனக்கு" என்றார். ஏதோ நான் தந்தி கொடுத்து வரவழைத்த மாதிரி. சாய்ப்புக்கும் பட்டறைக்கும் நடுவே ஒரு சுவர்தான். பார்க்க முடியாதே தவிர எல்லாம் கேட்கும்.

பூஜை அன்று மணிச் சத்தம் கேட்டது. சுத்தியல், அரம், குறடு எல்லாவற்றையும் கழுவி அடுக்கிச் சந்தனம், குங்குமம் வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு மூத்தாரின் குரல் கேட்டது.

"வெளியில வச்சா போதுமாடா? வேலை செய்யறது உள்ள இருக்குற சக்கரம்தானே. அந்தக் கதவைத் தொற. அதுக்கும் ஒரு பொட்டு வைப்போம்."

சொல்லாமல் இருக்க முடியாது, அந்த நேரத்தில் எனக்கு அவர் மேல் ஒரு நன்றி வந்தது. இத்தனை நாள் பொம்மை என்று சிரித்த மெஷினுக்கு மரியாதை செய்கிறாரே என்று நெகிழ்ந்தும் போனேன். கற்பூர வாசனை வந்தது. வண்டியை எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றிப் பூஜையை முடிப்பது போல, இதையும் ஒரு முறை ஓட்டிவிடச் சொன்னார். ரோலர் சுற்றும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. கம்பி வழுவழுவென்று ஓடியது. நான் வைத்த இறுக்கம் அப்படி என்று சாய்ப்பில் உட்கார்ந்து பெருமைப்பட்டுக்கொண்டேன். ஈரச் சந்தனத்தையும் வாரிக்கொண்டு அது குழாய்க்குள் போகிறது என்பது எனக்கு எப்படித் தெரியும்? பூஜை முடிந்தால் மறுநாள் வரை எந்தக் கருவியையும் தொட மாட்டார்கள். இரவெல்லாம் அது உள்ளே காய்ந்துகொண்டிருந்தது.

விஜயதசமி காலையில் மேனேஜர் வந்தார். நல்ல கணீரென்ற குரல். "பெருமாளைச் சேவிக்க வரவாளுக்கு ஜலம் கொடுக்கிற கைங்கர்யம் இது. நன்னா அமையணும். தகடு நெளியாம, ஓட்டை விழாம ஒட்டிக் காட்டுங்கோ, பார்ப்போம்" என்றார்.

மெஷினைப் போட்டார்கள். வடைச் சத்தம் வரவில்லை. டப், டப் என்று வெடித்து நின்றது. ஒரு நிமிஷம் அமைதி. மறுபடி டப். மோட்டார் ஓடுகிறது, கம்பி வரவில்லை. ரோலர் வழுக்குகிறது என்று சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குத் தெரிகிறது. இவர் என்ன செய்வார் என்பதும் தெரியும். திருகை முடுக்குவார். முடுக்கினார். பெட்டிக்குள் சரசரவென்று கம்பி மடங்கிக் கூடு கட்டும் சத்தம் கேட்டது.

"முடுக்காதீங்க! குழாயில அடைச்சிருக்கு, டிப்பைக் கழட்டிப் பாருங்க!" என்று சுவர் வழியாகக் கத்தினேன். மறுபடி முடுக்கினார்கள். மூத்தார், "என்னடா தம்பி இது" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வதும், மேனேஜர் தொண்டையைச் செருமுவதும் கேட்டது. கொட்டகை என் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. நான் எழுந்தேன். எழுந்து, கொல்லைக் கதவு வழியாகப் பட்டறைக்குள் போனேன்.

யாரையும் பார்க்காமல் நேராகப் போய்ப் பெட்டிக் கதவைத் திறந்தேன். ரோலர் மேல் அப்பியிருந்த சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது, நடுவில் குங்குமம். குழாயின் வாயிலும் ஒரு பொட்டு. கம்பி ஓடும் துளையைச் சுற்றி ஆசையாக வைத்திருந்தார்கள். அதற்கு முன்னால் கம்பி தாறுமாறாகச் சுருண்டு கிடந்தது.

"சந்தனம் உள்ள போயிருக்கு. குழாய உருவித் தட்டினா வந்துடும். ஒரு அரை மணி நேரம் கொடுங்க" என்றேன்.

அதற்குள் ஓரகத்தி பின்னாலேயே ஓடிவந்துவிட்டார். "ஐயையோ, தூரமா இருக்கிறவ! பூஜை போட்ட மெஷினைத் தொட்டுட்டாளே!"

மேனேஜர் அங்கவஸ்திரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தார். "இது பெருமாள் கைங்கர்யம். ஆசாரமா நடக்க வேண்டிய இடம். வேண்டாம், நான் வரேன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவர் செருப்புச் சத்தம் தெருவில் தேய்ந்து போனது.

அப்போது மூத்தார் என்னைப் பார்த்தார். அத்தனை வருடத்தில் அவர் என்னோடு நேராகப் பேசியது அன்றுதான்.

"சாமிக்கு வச்ச சந்தனத்தைக் குறை சொல்றியா? உன் தீட்டு பட்டு நின்னுபோச்சு, பழியத் தூக்கிச் சந்தனத்து மேல போடறியா?"

நின்ற பிறகுதானே நான் வந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். இதைச் சொல்ல வேண்டியது நானல்ல என்று தோன்றியது. என் கணவரைப் பார்த்தேன். அவர் முகமூடியைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். டார்ச் அவர் கையில்தான் இருந்தது. மெஷின் எப்போது நின்றது, நான் எப்போது வந்தேன் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் உலகத்தில் கிடையாது. "நீ உள்ள போ" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது.

அன்று சாயங்காலத்துக்குள் கதை தெருமுனை வரை போய்விட்டது. முதலில், மெஷின் திணறும்போது நான் வந்தேன் என்று சொன்னார்கள். பிறகு நான் வந்ததால் திணறியது என்றார்கள். தீபாவளி வருவதற்குள், ஓடிக்கொண்டிருந்த மெஷின் என் நிழல் பட்டு நின்றது என்று ஆகிவிட்டது. அந்த மாதமே மெஷினைப் பாலக்கரைப் பக்கம் ஒரு பட்டறைக்காரருக்கு விற்றுவிட்டார்கள். ராசியில்லாத சாமான் என்று காரணம் சொன்னார்கள். ராசியில்லாதது மெஷினா நானா என்று தனியாக விளக்கவில்லை, விளக்கத் தேவையும் இருக்கவில்லை. மேல்பக்கத்துக் கொட்டகையில் பழைய இரும்பைப் போட்டார்கள். நான் பட்டறை வாசலைத் தாண்டக் கூடாது என்று ஆனது. என் கணவர் குச்சி வெல்டிங்குக்கே திரும்பினார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஜாக்கெட் தைத்தேன். நூல் கோக்கும்போதெல்லாம் கை எரிந்தது.

ஆனாலும் சந்தேகத்தின் பலனை நான் அவருக்கே கொடுத்துவைத்திருந்தேன். பாவம், அவருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது, சந்தனமா தீட்டா என்று அவரும் குழம்பித்தான் நின்றார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரே பாயில் படுக்க வேண்டுமென்றால் இப்படி ஏதாவது சொல்லிக்கொண்டுதான் ஆக வேண்டும்.

அடுத்த வருடம் ஆயுத பூஜை வந்தது. இந்தத் தடவை நான் வீட்டுக்குள் இருந்தேன். ஓரகத்திக்கு மணிக்கட்டு வலி என்று சந்தனம் இழைக்கும் வேலை எனக்கு வந்தது. சமையலறையில் உட்கார்ந்து கல்லில் தண்ணீர் விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். இவர் கிண்ணத்தை வாங்கிப் போக வந்தார். குனிந்து பார்த்தார். சர்வ சாதாரணமாகச் சொன்னார்.

"கொஞ்சம் கெட்டியா இழை. போன தடவ அண்ணி தண்ணியா இழைச்சுட்டாங்க. அதான் குழாய்க்குள்ள அவ்வளவு தூரம் ஓடிடுச்சு."

என் கை நின்றது. சொன்னது என்னவென்று அவருக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பத் தெரியும்?" என்று கேட்டேன்.

"விக்கறதுக்கு முன்னாடி குழாய உருவித் தட்டினேன். பொலபொலன்னு கொட்டுச்சு. அப்புறம் போட்டுப் பாத்தேன். நல்லாத்தான் ஓடுச்சு."

"உங்க அண்ணன்கிட்ட சொன்னீங்களா?"

"என்ன பேசற நீ? சாமிக்கு வச்சதப் போய் அப்படிச் சொல்ல முடியுமா? அண்ணன் மனசு என்ன பாடுபடும்?"

சாமிக்கு மனசு உண்டு, அண்ணனுக்கு மனசு உண்டு. சந்தனத்துக்குக்கூட மானம் மரியாதை உண்டு. என் உடம்பை மட்டும் தெருமுனை வரைக்கும் பேசலாம், அதற்கு எதுவும் நோகாது. அந்த மெஷின் நன்றாக ஓடும் சத்தத்தைக் கடைசியாக ஒரு முறை அவர் தனியாகக் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு, வண்டியில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்.

வெளியிலிருந்து மூத்தார், "சந்தனம் ஆச்சாடா?" என்று கூப்பிட்டார்.

"இதோண்ணே" என்றார் இவர்.

நான் கெட்டியாகவே இழைத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகும் அந்த வீட்டில்தான் இருந்தேன், அவருக்கு மூன்று வேளையும் சோறு போட்டேன். ஆனால் எதையும் படித்துச் சொல்லும்படி அவர் கேட்டபோதெல்லாம், எனக்கு இங்கிலீஷ் மறந்துபோச்சு என்று சொல்லிவிட்டேன். கடைசி வரை அப்படியே சொன்னேன்.